மோட்டர் இல்லாமல் முருகனிடம்

யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஐந்தரை மணிக்கு மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சைக்கிள்கள் புறப்பட ஆயத்தமாக நின்றன. நீல நிறத்துச் சைக்கிள் என் மனைவி தவமணியுடையது. பக்கத்து வீட்டு மொறொக்கோக்காரரிடம் எண்பது டொலருக்கு வாங்கியது. மற்றது என்னுடையது, பற்றரி பூட்டியது. நாம் மிதிக்க மிதிக்க உள்ளே ஒரு சின்ன மோட்டர் கூடச் சேர்ந்து தள்ளும். மூன்று வருடங்களுக்கு முன் என் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். நடக்கலாம், ஆனால் மலையில் சைக்கிள் ஓடுவதென்றால் இப்படி ஒன்றில்தான் ஓடலாம் என்று இருதய டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் போக வெளிக்கிட்ட இடம், மொன்றியலுக்கு வடக்கே லோரன்ஷியன் மலைக்குள் வல்-மொறன் என்ற ஊருக்கு அப்பால் இருக்கும் எங்கள் முருகன் கோயில். மொன்றியல் தமிழர் பலருக்கும் தெரிந்த வழிதான். காரில் ஏறினால் பதினைந்தாம் இலக்கப் பெருஞ்சாலையால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். இருபத்தேழு வருடங்களாக நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். ஆனால் இந்த முறை தவமணிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. என்னைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று அவள் முருகனுக்குச் சொன்னது, தன் காலாலேயே அவனிடம் வருவேன் என்று.

நடந்து போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தாள். அதற்குள் முழங்கால் மறித்துவிட்டது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில், சீமெந்து நிலத்தில் நின்றபடி இருபத்திரண்டு வருடம் வேலை செய்த முழங்கால் அது. நெடுந்தூரம் நடக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார். நாங்கள் எழும்பிப் போகும்போது, சைக்கிள் ஓடினால் மூட்டுக்கு நல்லது என்றும் சொல்லிவிட்டார். தவமணி அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சைக்கிளில் போவது நேர்த்தியில் சேருமோ என்று கோயில் பெண்கள் சிலர் கேட்டார்கள். அதை மிதிப்பது யாருடைய கால் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சித்திரையில் பனி கரைந்த நாளிலிருந்து ஆற்றோரமாகப் போகும் கூவான் வீதியில் ஓடிப் பழகினோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்த பெண்தான். இங்கே வந்தபின் தொட்டதில்லை. முதல் கிழமை, எதிரே வந்த எல்லோருக்கும் பெல் அடித்தாள், நாய்களுக்கும் அடித்தாள். நான்காம் கிழமை எனக்கு முன்னால் போகத் தொடங்கினாள். அன்றிலிருந்து நான் பார்த்து வருவது அவளுடைய முதுகைத்தான்.

புறப்படுமுன் முறைப்படி எல்லாம் செய்தோம். சைக்கிள்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன் ரயருக்குக் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தோம். பிள்ளையாரை நினைத்து வாசல் தாரில் தேங்காயை நான் ஓங்கி அடித்தேன். அது தூள்தூளாகச் சிதறியது. சிதறினால் பயணம் நல்லது. இப்படிச் சிதறிய தேங்காயை நான் கன நாளாகக் காணவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டு, தேங்காய்த் துண்டுகளின் மேலாகவே இருவரும் வீதிக்கு இறங்கினோம்.

முதல் பாலத்தால் இல்-பிசார் தீவுக்குள் போனோம். சின்னத் தீவு. பெரிய மரங்களும் குதிரை வளர்க்கிற வீடுகளுமாக இருந்தது. தீவின் மறுகரையில் லவாலுக்குப் போகிற படகு. கார்கள் ஏழெட்டு ஏறக்கூடிய தட்டையான படகு, ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும். சைக்கிளோடு ஏற ஆளுக்கு மூன்று டொலர் கொடுத்தோம். தவமணி ஏறாமல் கரையில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, உந்தப் படகை எது இழுக்குது?"

"மோட்டர்தான்."

"அப்ப நான் என்னெண்டு ஏறுறது?"

நேர்த்திக்குள் மோட்டர் இல்லை என்பது அவளுடைய கணக்கு. கார்ப் பாலத்தால் சுற்றிப் போனால் பெரிய லொறிகளுக்குள் மாட்டுப்பட வேண்டும். படகுக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றார். கடைசியில் ஏறினாள். ஆனால் படகு கரையை விட்டதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் நடக்கத் தொடங்கினாள். முன்னுக்கிருந்து பின்னுக்கு, பின்னுக்கிருந்து முன்னுக்கு, படகு அக்கரை சேரும்வரை ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மதாமுக்குத் தண்ணீர் பயமா என்று படகுக்காரர் என்னிடம் கேட்டார். இல்லை, நடந்து ஆற்றைக் கடக்கிறார் என்று வேலைத்தலத்தில் பழகிய என் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இறங்கும்போது அவளுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

லவாலின் மேற்கு மூலையைக் கடந்து, சென்-உஸ்தாஷ் பாலத்தைத் தாண்டியதும் நகரம் விட்டது. அதற்கு வடக்கே மிறாபெல் பக்கத்து விவசாய வீதிகள். இங்கே வீதிகள் வயலுக்கு வயல் நேராக ஓடுகின்றன. இடுப்பளவு சோளம் நின்றது. வெட்டிப் போட்ட புல்லின் மணமும் மாட்டுக் கொட்டிலின் மணமும் மாறி மாறி வந்தன. அரை மணித்தியாலத்துக்கு ஒரு கார் வந்தாலே பெரிய காரியம். அந்தக் காரும் எங்களைக் கண்டதும் மற்றக் கரைக்கு விலகிப் போனது. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலையில் கொள்கலன் லொறிகளுக்கிடையே என் காலத்தைக் கழித்தவன் நான். வீதி என்றால் இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே தவமணியின் சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இந்த வீதிகளில் சந்திக்குச் சந்தி ஒரு மரச்சிலுவை நிற்கிறது. வெள்ளை வர்ணம் பூசி, சுற்றிவர வேலி போட்டு, அடியில் பூக்கன்று நட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தியில் வயிரவர் சூலம் நிற்கிறது போலத்தான். ஒவ்வொன்றுக்கும் தவமணி இறங்கினாள், செருப்பைக் கழற்றினாள், கும்பிட்டாள். நாலாவது சிலுவையில், இப்படி இறங்கினால் இன்றைக்குச் சென்-ஜெரோம் பட்டணத்துக்கும் போய்ச் சேரமாட்டோம் என்றேன். வழியில் இருக்கிறவரைக் கும்பிடாமல் போனால் அவர் என்ன நினைப்பார் என்றாள். பிறகு நானும் இறங்கினேன்.

ஒரு தோட்ட வாசலில் ஸ்ட்ரோபெரிப் பழம் கூடை கூடையாக வைத்திருந்தது. விற்க ஆளில்லை. ஒரு கூடை ஆறு டொலர் என்று எழுதி, காசு போட ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார்கள். போட்டுவிட்டு எடுத்தோம். கடையில் வாங்குகிற பெரிய பழம் இல்லை, சுண்டுவிரல் நுனியளவுதான். ஆனால் இனிப்பு வாயை விட்டுப் போக நெடுநேரம் எடுத்தது. ஆளில்லாமல் வியாபாரம் நடக்கிற இந்த நாட்டை நினைத்து இரண்டு பேரும் மரநிழலில் இருந்து சாப்பிட்டோம். மிச்சம் இருந்ததை முருகனுக்கென்று தவமணி முன் கூடையில் மூடி வைத்தாள்.

பகல் ஒன்றரைக்குச் சென்-ஜெரோம். பெரிய தேவாலயம் உள்ள பட்டணம். இங்கேதான் பழைய ரயில் பாதை தொடங்குகிறது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் ஓடுவதற்குத் தார் போட்டு மலைக்குள் விட்டிருக்கிறார்கள். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டு அதில் ஏறினோம். பாதை நல்லதுதான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் அதிகம். இறுக்கமான உடுப்புப் போட்ட வேகக்காரர்கள் பின்னாலிருந்து "அ கோஷ், அ கோஷ்" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு, சொன்னபடியே இடப்பக்கத்தால் பறந்தார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் தவமணியின் சைக்கிள் ஆடியது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு பதினாலு கிலோமீற்றர் ஓடி, பிறேவோ என்ற கிராமத்தில் நாங்கள் முன்பே பிடித்து வைத்த வீட்டில் இறங்கினோம்.

வீட்டுக்காரி மதாம் ழினெத், எழுபது வயது, தனி ஆள். இரவுக்கு நூற்றிருபது டொலர், காலைச் சாப்பாடும் சேர்த்து. அந்தச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. மாமிசமும் இல்லை, முட்டையும் இல்லை என்று தவமணி சொன்னதும் அந்த மனுசி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்போ மலையை எதைக்கொண்டு ஏறுவாய் என்று கேட்டார். பிறகு பாணும், வீட்டு ஜாமும், மேப்பிள் பாகும், ஒரு பெரிய கிண்ணம் பழமும் கொண்டுவந்து வைத்தார். தவமணி பாணை மேப்பிள் பாகில் தோய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்தபின்தான் அவர் முகம் இளகியது.

மதாம் ழினெத்தான் எங்களுக்கு அமைதியான வழியைச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் போகாதீர்கள், கூட்டம் உங்களை ஆற்றுக்குள் தள்ளிவிடும் என்றார். மலைக்குப் பின்னால் ஏரிகளைச் சுற்றி ஒரு வீதி போகிறது, முப்பது கிலோமீற்றர். ஏற்றம் இருக்கிறது, ஆனால் ஆளே இருக்காது என்றார். தவமணி முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த வழியே போவோம் என்றாள். நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. என்னுடையதில் மோட்டர் இருந்தது.

"உங்களுக்கு மோட்டர், எனக்கு முருகன். ஆர் முதல் போறதெண்டு பாப்பம்," என்றாள்.

ஞாயிறு காலை ஏழு மணி. மத்தியானப் பூசை பன்னிரண்டுக்கு. எங்கள் மகன் கஜன் குடும்பத்தோடு தன் வான் வண்டியில் நேரே கோயிலுக்கு வந்து, திரும்பும்போது எங்களை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. திரும்பி வருவது நேர்த்தியில் இல்லை.

அந்த வீதியைப் பற்றி நான் என்ன எழுதினாலும் குறைவுதான். தார் பழையது, இரண்டு பக்கமும் காடு. மேப்பிளும் வெள்ளைப் பட்டை பேர்ச்சும் மேலே கை கோர்த்துக்கொண்டு நின்றன. வெயில் சல்லடையால் வருகிறதுபோல வீதியில் விழுந்தது. ஒரு வளைவு திரும்பினால் ஏரி, அடுத்த வளைவில் பாறை, அதற்கடுத்ததில் தனியாக ஒரு மரவீடும் தபால்பெட்டியும். நீர்ப்பறவை ஒன்று ஏரி நடுவில் குரல் கொடுத்தது, காடு முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. ஒரு இடத்தில் மான் ஒன்று குட்டியோடு வீதியில் நின்று எங்களைப் பார்த்தது. தவமணி இங்கே மட்டும் பெல் அடிக்கவில்லை.

ஏற்றங்கள் கடுமை. அவள் கியரைக் குறைத்து, இருந்த இடத்தை விட்டு எழும்பாமல், சீமெந்தில் நின்ற அதே பொறுமையோடு மிதித்தாள். மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டினாள். இறக்கம் வந்தால் முந்தானைத் துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு, நான் கத்தினாலும் கேட்காத வேகத்தில் போனாள். மோட்டரோடு நான் பின்னால். இந்தக் காட்டுக்குள் இந்த வயதில் இப்படி ஒரு பெண் போகிறாள், அவள் என் மனைவி என்று மரங்களுக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பதினைந்து கிலோமீற்றர் போயிருப்போம். அவளுடைய முன் ரயர் மெதுவாகப் படிந்தது. காற்று அடித்தேன், இரண்டு கிலோமீற்றரில் திரும்பவும் இறங்கியது. சரி, ஒட்டுப் போடுவோம் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். ரியூப்பைக் கழற்றித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன், குமிழி வந்தது. ஊரில் செய்ததுபோலவே தேய்த்து, பசை பூசி, ஒட்டி, ஊதிக் காயவைத்து, திருப்பிப் பூட்டினேன். பசைக் குழாயைப் பிழிந்து முடித்துவிட்டேன். கை மறக்கவில்லை என்று அவளிடம் சொல்லிக் காட்டினேன்.

கை எதையோ மறந்துதான் இருந்தது. ஏழு கிலோமீற்றருக்குள் அதே ரயர் திரும்பவும் போனது. நெடிய இறக்கம் ஒன்றில் அது நடந்தது. அவள் நிற்காமல் காற்றில்லாத ரயரிலேயே கீழே வரை உருண்டு போனதால் ரியூப் இழுபட்டு, காற்றடிக்கிற வால்வின் அடி கிழிந்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போட முடியாது. இன்னும் ஆறு கிலோமீற்றருக்கு மேல் இருந்தது, அதில் பாதி ஏற்றம். நேரம் பத்தே முக்கால்.

தவமணி சைக்கிளை உருட்டத் தொடங்கினாள். நூறு மீற்றர் போகுமுன்பே காலைச் சரித்து வைத்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"காணும், தவமணி. கஜனைக் கூப்பிடுறன்."

"வேண்டாம்."

"காலைப் பாரும். இவ்வளவு தூரம் வந்திட்டீர். முருகன் என்ன பொலிஸோ, றோட்டில நிண்டு பாத்துக்கொண்டிருக்க?"

அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் பாக்கிறாரோ இல்லையோ, அது அவற்ற விசயம். உங்களை உள்ளுக்குக் கொண்டு போனாப் பிறகு நான் ஒரு சொல்லுக் குடுத்தனான். நீங்கள் மயக்கத்தில கிடந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் கஜனுக்குப் போன் எடுத்தேன். புருசன் என்ற முறையில் அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை.

அந்த நேரம்தான், அன்று காலை நாங்கள் கண்ட முதல் சைக்கிள்காரர் வளைவில் வந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய ரயர், எழுபதுக்குக் கிட்ட வயது. பெயர் றெஜான். அடுத்த கிராமத்தில் வீடு. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். தன்னிடம் இருந்த புது ரியூப்பை எடுத்துப் பார்த்தார், மெலிசு, எங்கள் சைக்கிளுக்குப் பொருந்தாது. பிறகு ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். அதுதான் நான் மறந்த வேலை. பாதியில் அவர் விரல் நின்றது. சின்ன இடுக்கியால் இழுத்து, உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார்.

நகத்துண்டளவில், கபில நிறத்தில், ஊசிபோல ஒரு முனை. கண்ணாடியும் இல்லை, கல்லும் இல்லை, இந்தக் காட்டு மரமும் இல்லை, இது என்ன என்று றெஜான் கேட்டார்.

எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டை. எங்கள் வாசலில் நான் பெருமையோடு உடைத்த தேங்காய் எண்பது கிலோமீற்றர் ரயருக்குள் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. தவமணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு பொத்த முடியாமல், வீதி ஓரத்தில் இருந்து, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நல்லாச் சிதறினது எண்டு சொன்னீங்களெல்லோ," என்றாள்.

பயணம் நல்லபடி நடக்க நாங்கள் தேங்காய் உடைக்கிறது வழக்கம் என்று தெரிந்த பிரெஞ்சில் றெஜானுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்காமல் கேட்டார். தான் சின்னவனாக இருந்தபோது ஊர்ப் பாதிரியார் சைக்கிள்களுக்கு ஆசீர்வாதம் செய்வார், ஆனால் அவர் தண்ணீர்தான் தெளிப்பார், தண்ணீர் ரயரைக் குத்தாது என்றார். பிறகுதான் சிரித்தார்.

மனைவி பிள்ளைகளைக் கோயிலில் இறக்கிவிட்டுக் கஜனின் வான் வந்து நின்றது. உள்ளே குளிர் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்தாறு கிலோமீற்றர்தானே அம்மா, முருகன் கணக்குப் பார்க்கமாட்டார் என்று அவனும் என்னைப்போலவே சொன்னான். தவமணி என் பக்கம் திரும்பினாள். என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உந்தப் பற்றரியைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"கழட்டி இவனிட்டக் குடுங்கோ. அது கிடந்தா ஏத்தத்தில என்ர கை சும்மா கிடவாது, சுவிச்சை அமத்திப்போடுவன்."

கஜன் பதறினான். "அம்மா, பற்றரி இல்லாட்டி அது இரும்புக்கட்டி. இருவது கிலோ வரும்."

"ஊரில உன்னை ஒரு பக்கம், அரிசி மூட்டையை ஒரு பக்கம் ஏத்திக்கொண்டு மிதிச்சனான். அப்ப ஆரடா பற்றரி தந்தது?"

நான் திறப்பால் பூட்டைத் திறந்து பற்றரியைக் கழற்றி மகனிடம் கொடுத்தேன். இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கினேன். ஸ்ட்ரோபெரிக் கூடையையும் அருச்சனைச் சாமானையும் மாற்றிக் கட்டினேன். கடைசித் திருப்பம் விளங்காது, நான் முன்னால் போய்க் காட்டுகிறேன் என்றார் றெஜான். தவமணி முருகா என்று சொல்லி ஏறினாள். முதல் மிதிக்கு அந்தச் சைக்கிள் அசையவே யோசித்தது. இரண்டாவதுக்கு நகர்ந்தது. இரண்டு பேரும் மரங்களுக்குள் ஏறி மறைந்தார்கள்.

காற்றுப் போன சைக்கிளை வானுக்குள் ஏற்றிவிட்டு, கஜன் எனக்கு முன் கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறவில்லை. எனக்கு நேர்த்தி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மோட்டரைக் கழற்றிவிட்டுப் போன வீதியில் நான் வானுக்குள் இருந்து போக மனம் வரவில்லை. நீ போ, நான் நடந்து வாறேன் என்றேன். உங்கள் நெஞ்சு என்றான். நெஞ்சு என்னோடுதான் வருகிறது என்றேன்.

அவன் போகவில்லை. வானின் மஞ்சள் விளக்குகளை மின்னவிட்டு, எனக்குப் பின்னால் நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தான். ஏற்றத்தில் நின்றேன், மூச்சு எடுத்தேன், நடந்தேன். மேப்பிள் நிழல் குளிர்ச்சியாக இருந்தது. நெஞ்சு ஒழுங்காக அடித்தது, ஒரு இடமும் வலிக்கவில்லை. அந்த நெஞ்சு என்னுடையது என்று மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன். பாதி வழியில், மலைக்கு மேலிருந்து கோயில் மணி காட்டுக்குள்ளால் கேட்டது. மத்தியானப் பூசை தொடங்கிவிட்டது. தவமணி நேரத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

கோயில் வீதி தொடங்குகிற இடத்துக்கு வந்தபோது, என் சைக்கிள் ஒரு மரத்தில் சாத்தி இருந்தது. கீழே கல்லில் தவமணி இருந்தாள், பக்கத்தில் றெஜான். காலுக்கு மேல் ஈரத் துணி போட்டிருந்தாள். அரை மணித்தியாலத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறார், நான் எவ்வளவு சொல்லியும் மேலே போக மறுத்துவிட்டார் என்று றெஜான் என்னிடம் முறைப்பாடு சொன்னார்.

"பூசை முடிஞ்சுபோச்சே," என்றேன். "மணி கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"பேந்தேன் இஞ்ச இருக்கிறீர்?"

அவள் எழும்பி, துணியை உதறி மடித்தாள். "ஆளைத் தா, என்ர காலால வந்து உனக்கு அவரைக் காட்டுறன். இதுதான் நான் முருகனுக்குச் சொன்னது. ஆளை விட்டிட்டுக் கால் மட்டும் போனாக் காணுமோ?"

இந்த மூன்று வருடமும் ஒரே வீட்டில் இருந்தும் அந்த இரண்டாம் பாதியை எனக்கு அவள் சொன்னதில்லை. நான் நடந்து வந்ததும் அவளுக்குத் தெரியாது. பின்னால் விளக்கு மின்னிக்கொண்டு வந்த வானையும், தூசி படிந்த என் செருப்பையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். என் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். கடைசி ஏற்றத்தை அப்படியே சேர்ந்து ஏறினோம்.

மேலே கோயிலில் சந்நிதிக்குத் திரை போட்டிருந்தது. சனம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். திரைக்கு முன்னால் தவமணி என்னை இரண்டு கையாலும் பிடித்து, படம் எடுக்கப் பிள்ளையை நிறுத்துகிறதுபோல நேராக நிறுத்தினாள்.

"இஞ்ச பார்," என்றாள், திரையைப் பார்த்து. "கொண்டு வந்திட்டன்."

ஐயர் திருநீற்றுத் தட்டோடு வந்தார். பூசை முடிந்து வருகிறவர்கள் எங்கேயிருந்து என்று கேட்டார். பியர்பொன்ட்ஸிலிருந்து சைக்கிளில் என்று கஜன் சொன்னான். அவன் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதில்லை. ஐயர் தவமணியின் காலையும் சங்கிலி எண்ணெய் படிந்த கையையும் பார்த்தார். உள்ளே போய்த் திரையை விலக்கினார். கற்பூரம் காட்டினார். வேலோடு முருகன் நின்றான். ஸ்ட்ரோபெரிப் பழங்கள் ஓரம் நசிந்திருந்தன. அவற்றையும் வாங்கிப் படைத்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்ற றெஜானின் நெற்றியில் தவமணியே திருநீறு பூசிவிட்டாள்.

மாலை கஜனின் வானில் திரும்பினோம். இரண்டு நாள் மிதித்த தூரத்தைப் பதினைந்தாம் இலக்கச் சாலை ஒரு மணித்தியாலத்தில் சுருட்டிவிட்டது. இருபத்தேழு வருடங்களாக இந்தச் சாலையால் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். அதன் இரண்டு பக்கமும் நின்ற மலைகளை யன்னலுக்கு வெளியே நிற்கிற பச்சை நிறம் என்றே நினைத்திருந்தேன். இப்போது அதற்குள் எந்த ஏரி எங்கே இருக்கிறது, எந்த ஏற்றத்தில் நிழல் விழும், எந்தச் சந்தியில் சிலுவை நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் சொந்தக்காரர் இருக்கிறதுபோல ஒரு உறவு வந்துவிட்டது. முன்னிருக்கையில் தவமணி காலை நீட்டிக்கொண்டு நித்திரையாய் இருந்தாள்.

வீட்டு வாசலில் வெயில் இன்னும் இருந்தது. சனிக்கிழமை உடைத்த தேங்காயின் துண்டுகள் தாரில் அப்படியே கிடந்தன. தவமணி உள்ளே போகவில்லை. கராஜிலிருந்து தும்புத்தடியை எடுத்து வந்து, நொண்டி நொண்டிக் கூட்டத் தொடங்கினாள். நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த பயணத்துக்குத் தேங்காய் வேண்டாமோ என்று கேட்டேன்.

"உடைக்காமல் என்னெண்டு வெளிக்கிடுறது?" என்றாள். "உடைப்பம். உடைச்சிட்டுக் கூட்டுவம். பேந்து போவம்."

அந்தச் சிரட்டைத் துண்டு இப்போது எங்கள் சாமியறையில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். தவமணி ஐம்பத்தெட்டு வயதுக்காரி, முழங்கால் தேய்ந்தவள், மலையும் காடும் தாண்டித் தொண்ணூறு கிலோமீற்றர் மோட்டர் இல்லாமல் போனவள் என்று அங்கிருந்து தொடங்கி நான் முழுக்கதையும் சொல்லுவேன். கேட்காமல் போகிறவர்களையும் இருத்திவைத்துச் சொல்லுகிறேன்.